வயலுக்குக் காய்ச்சல்

…இல்லை, ஊதாப் புடவையே கட்டியிருக்கலாம், இந்தப் பச்சை ஒரு தடவை கசங்கினா கசங்கினதுதான், ஆனா அம்மா விட்டுச்சா, டாக்டர் ஆகப்போற அன்னிக்கு என்னடி ஊதா, பயிர் நிறமாக் கட்டிக்கிட்டுப் போன்னு நேத்தே தேய்ச்சு மடிச்சு வச்சிடுச்சு, இப்ப பஸ் திருப்பனந்தாளைத் தாண்டுறதுக்குள்ள என் தோள்லயே சாஞ்சு தூங்கவும் ஆரம்பிச்சிடுச்சு, மடியில ஒரு கட்டைப்பை, அதுல சால்வை ரெண்டு, ஒண்ணு என் கைடு தியாகேசன் சாருக்கு, இன்னொண்ணு கேள்வி கேக்க வெளியூர்லேர்ந்து வந்திருக்கிற பேராசிரியருக்கு, அப்புறம் டிபார்ட்மெண்ட் முழுக்கக் குடுக்க பாதுஷா, காராபூந்தி… இந்த வழக்கத்தை யாரு ஆரம்பிச்சாங்களோ, வைவா அன்னிக்கு ஆராய்ச்சி எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் பேச மாட்டாங்க, பூந்தி நமுத்துப்போச்சா இல்லையாங்கிறதுதான் பேச்சு. வைவாங்கிற பேரே அம்மாவுக்குப் பிடிக்கலை. ஏண்டி, ஏழு வருசம் கண்ணு பூத்துப்போற மாதிரி படிச்சிட்டு, கடைசில எல்லாரும் சேந்து உன்னை வைவாங்களாக்கும், அதுக்கு பாதுஷா வேற நாமதான் வாங்கிட்டுப் போகணுமாக்கும்? அம்மா, வையுறது இல்லம்மா, நேர்ல உக்கார வச்சுக் கேள்வி கேக்குறது, நான் பதில் சொல்லிட்டேன்னா இன்னிக்குச் சாயங்காலமே டாக்டர் இசைவாணி. தெரியும்டி, எவனாவது வையட்டும், அப்புறம் ராமாயி யாருன்னு காட்டுறேன்… தெரு முழுக்கத் தண்டோரா போடாத குறைதான், எதிர்வீட்டு அக்கா நேத்தே வந்து முட்டிவலிக்கு என்ன மாத்திரை போடலாம்னு என்கிட்ட கேட்டாச்சு.

பனி இன்னும் விலகலை. ஜன்னலுக்கு வெளியில வயல் இருக்கா இல்லையான்னே தெரியலை, வெள்ளையா ஒண்ணு கூடவே ஓடி வருது, நடுநடுவுல ஒரு தென்னை, ஒரு போர்செட்டுக் கொட்டகை, தலை சாஞ்ச சம்பா ஒரு திட்டு, திரும்ப வெள்ளை… மைக்ராஸ்கோப் அறையில உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு. அங்கயும் இப்படித்தான், முதல்ல திரை முழுக்க மூட்டம், குமிழைத் திருகத் திருக மெல்லமா உருவம் வரும். நெல் இலையில ஒரு துணுக்கு நறுக்கி, அது மேல தங்கம் பூசி உள்ள வைப்போம், தங்கம் பூசினாத்தான் அந்த மிஷினுக்குத் தெரியும், அம்மா கழுத்துல கெடக்குறதை விட அந்த இலை அதிகமாப் போட்டிருக்கும்னு நான் சொல்ல, அப்ப நாளைக்கு என்னையும் உள்ள வச்சுப் பாருடின்னுச்சு அம்மா. இலைன்னு நாம சொல்றது அங்க ஒரு ஊரு. மேடும் பள்ளமும், வரிசை வரிசையாத் திட்டு, அங்கங்க பாதி திறந்த வாய், அந்த வாய் வழியாத்தான் பயிர் மூச்சு விடுது, வாய் ஓரத்துல வெள்ளை வெள்ளையா ரவை தூவின மாதிரி எங்க மருந்து… நானோத் துகள். நானோன்னா என்னடி, நானோ நீயோன்னு சீட்டுப் போடுறதா? ஒரு தலைமுடியை எண்பதாயிரமாக் கீறினா அதுல ஒரு கீத்தும்மா. கீறுறதுக்கு யாருடி ஆளு? இப்படித்தான் பேச்சு வளரும் எங்களுக்குள்ள, ஆனா ஒருநாள் அறைக்கே கூட்டிட்டுப் போயித் திரையைக் காட்டினேன், கிட்டப் போயி உத்துப் பாத்துட்டு, இத்தனை நாளா இதும் மேலயா காலை வச்சு நடந்தேன்னு கேட்டுச்சு. அம்மா நடவுக்குக் கூலியாப் போன வயல்ல ஒரு துண்டு இப்ப எங்க பேருல இருக்கு, அந்த வயல்லேர்ந்து எடுத்த இலைதான் அது.

சரி, கவனம், கவனம்… கனவு காண இது நேரமில்லை, மதியம் பேச வேண்டியதை ஒரு தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துடணும். வணக்கம், என் ஆராய்ச்சி ரெண்டு விஷயத்தைச் சேத்துக் கட்டினது. விவசாயி இலையைப் போன்ல படம் எடுத்தா, நாங்க பழக்கின மெஷின் அதைப் பாத்து நோய் இருக்கா இல்லையான்னு சொல்லும், இது ஒண்ணு. இருந்தா, எங்க லேப்ல செய்யுற நானோ மருந்தை எந்த அளவுக்குக் கலந்து தெளிக்கணும்னும் அதுவே சொல்லும், இது ரெண்டு. நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு தடவை சரியாச் சொல்லுது. வர்ற குறுவைக்கு ஊர் ஊராப் போன்ல போட்டுக் குடுக்கப்போறாங்க. இவ்வளவுதான், இதுக்குத்தான் ஏழு வருசம். ஒத்திகை பாக்குறதுக்குக்கூட ஆள் தேடலை, போன வாரம் முழுக்க போன்ல இருக்கிற ஏஐகிட்டயே, நீதான் பேராசிரியர், என்னைக் கேள்வி கேளுன்னேன், அது கேட்டுச்சு, நான் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் அருமையான விளக்கம், மிகச் சிறப்புன்னு மாலை போடாத குறையாப் புகழ்ந்துச்சு, பெத்த அம்மாகூட ஒருநாள் இப்படிச் சொன்னதில்லை, கேக்கக் கேக்க எனக்கே நான் பெரிய ஆளுன்னு ஆகிப்போச்சு. ஒண்ணு மட்டும் பாக்கி. பேச்சுக்கு நடுவுல ஒரு விவசாயியோட குரலைப் போட்டுக் காட்டினா நல்லா இருக்கும்னு நஜ்மா சொன்னா. நஜ்மா எங்க லேப்ல கம்ப்யூட்டர் பக்கம் முழுக்கப் பாத்துக்கிறவ, அதிராம்பட்டினம், அப்பா துபாய், அண்ணன் துபாய், வயல்ல இறங்கினதே என் கூட வந்தப்பதான். படம் அனுப்புற ஒவ்வொரு விவசாயியும் கூடவே வயல் எப்படி இருக்குன்னு வாய்லயே ஒரு வாய்ஸ் நோட்டு அனுப்பணும்னு வச்சிருந்தோம், ரெண்டு குறுவையா வந்து குவிஞ்சு கெடக்கு, அதுல ஒண்ணைப் பொறுக்கி எடுக்கணும். இவ்வளவு நாளா ஒண்ணைக்கூட நான் காதால கேட்டதில்லை. எதுக்குக் கேக்கணும், குரல் வந்ததும் ஒரு புரோகிராம் அதை எழுத்தாக்கும், இன்னொண்ணு இங்கிலீஷ் ஆக்கும், எங்களுக்கு இங்கிலீஷ்தான் வந்து சேரும், அதைப் பாத்து இந்தப் படம் நோய், இந்தப் படம் நல்லதுன்னு பிரிச்சுக் குடுத்தோம், மெஷின் அதைப் பாத்துப் படிச்சுக்கிச்சு.

இயர்போனைக் காதுல மாட்டிகிட்டேன், அம்மா தலை லேசா நழுவுச்சு, தூக்கி வச்சேன். முதல் குரல்ல ஒரே டிராக்டர் சத்தம். ரெண்டாவது ஆளு கொட்டாவி விட்டுகிட்டே பேசுறாரு. மூணாவது நல்லா இருக்கு, கணீர்னு… வணக்கம் தங்கச்சி, கஞ்சனூர்ப் பக்கம் பஞ்சநதம் பேசுறேன், நல்லா இருக்கியாம்மா, படம் அனுப்பியிருக்கேன் பாரு, பயிரு ஜம்முனு இருக்கு, வயலு இப்ப காய்ச்சல்ல கெடக்கு, நாளன்னிக்குப் பாய்ச்சல் குடுத்துட்டா தூர் வெடிச்சு நல்லாக் கிளைச்சிடும், அப்புறம் வயப்பக்கம் வந்தியன்னா இளநி வெட்டித் தர்றேன்… சிரிப்பா வந்துச்சு, எவ்வளவு வாஞ்சையாப் பேசுறாரு மனுசன், இதையே போட்டுடலாம், இளநி வரைக்கும் போட்டா எல்லாரும் ரசிப்பாங்க. பாய்ச்சல்… அந்தப் பாய்ச்சலை வச்சு நாங்க அன்னிக்கு என்ன சிரிப்பு சிரிச்சோம், தண்ணி பாய்ச்சுறதை அந்தப் புரோகிராம் தாவிக் குதிக்கிறதுன்னு எடுத்துகிட்டு, தி ஃபீல்ட் வில் ஜம்ப்னு போட்டிருந்துச்சு, பஞ்சநதத்தோட வயல் நாளன்னிக்கு எகிறிக் குதிக்கும், நஜ்மா நாற்காலியிலேர்ந்து விழுந்துட்டா சிரிச்சு. அதையெல்லாம் தேடித் தேடித் திருத்தினோம், ஒண்ணு விடலை. திரும்ப முதல்லேர்ந்து போட்டுக் கேட்டேன், சும்மா, அந்தக் குரலுக்காக… பயிரு ஜம்முனு இருக்கு, வயலு இப்ப காய்ச்சல்ல கெடக்கு. சோழபுரம் கடைத்தெரு வந்துச்சு, யாரோ இறங்கினாங்க, பூக்காரம்மா ஒருத்தங்க ஏறினாங்க. காய்ச்சல்ல கெடக்கு. அப்ப பயிரு ஜம்முனு இருக்குங்கிறாரே. ஜம்முனு இருக்கிற பயிருக்கு என்ன காய்ச்சல்?

அட கடவுளே. காய்ச்சலும் பாய்ச்சலும். தண்ணியைக் கட்டி, வடிய விட்டு, வயலைக் காயப் போட்டு, லேசா வெடிப்பு விட்டதும் திரும்பக் கட்டுறது, வேர் கீழ இறங்கட்டும்னு… இது எனக்குத் தெரியாதா? எங்க வீட்டு வயல்ல நானே மடையை அடைச்சிருக்கேனே. பாய்ச்சலைப் பிடிச்சோமே, பக்கத்துலயே உக்காந்திருந்த காய்ச்சலை எப்படி விட்டோம்? பாய்ச்சல் குதிச்சதால தெரிஞ்சுது. காய்ச்சல் குதிக்கலை, ஃபீவர்னு நல்ல பிள்ளையா இங்கிலீஷ்ல வந்து உக்காந்துகிச்சு. பயிருக்கு ஃபீவர், இருக்கலாமே, நோவுன்னு சொல்ல வந்திருப்பாங்க… நஜ்மா கேட்டா. ஆமா, கேட்டா. நான் திரையில இலையைத் திருகிகிட்டு இருந்தேன், அவ பின்னாடி நின்னுகிட்டு, அக்கா, தி ஃபீல்ட் ஹேஸ் ஃபீவர்னு முந்நூத்துச் சொச்சம் வருது, இதை எந்தக் கட்டத்துல போடன்னா. நான் திரும்பக்கூட இல்லை. நோய்லயே போடு. அவளுக்குத் தெரியாது, அவ ஊர்ல காய்ச்சல்னா ஜுரம்தான், தெரிஞ்சவ நான், நான்தான் சொன்னேன். அப்ப அந்த மெஷின் என்னத்தைப் படிச்சிருக்கு? மத்தியான வெயில்ல, காயப் போட்ட வயல்ல, இலை லேசாச் சுருண்டிருக்கும், சாயங்காலம் தானா விரிஞ்சுக்கும், அந்தச் சுருட்டலை நோய்னு படிச்சு வச்சிருக்கு. நாங்க பிரிச்சதை வச்சேதான் அதைச் சோதிச்சோம், அதுல தொண்ணூத்தி மூணு சதவீதம் சரியாப் படிச்சிருக்கு, அதான் கொடுமை. அது நோயைக் கண்டுபிடிக்கலை, தாகத்தைக் கண்டுபிடிச்சிருக்கு. தண்ணி கேட்டவனுக்கு மாத்திரையைக் குடுத்து அனுப்பப்போறோம், அதுவும் காஞ்சு நிக்கிற இலை மேல அந்த அளவு மருந்து பட்டா ஓரம் கருகும், அதை நானேதான் நாலாம் அத்தியாயத்துல எழுதியிருக்கேன். படத்துல தரை தெரிஞ்சிருந்தாலாவது வெடிப்பைப் பாத்திருப்போம், அதுக்கும் வழியில்லை, ஒரே சீரா இருக்கணும்னு ஒவ்வொரு இலையையும் வெள்ளைத் தாள் மேல வச்சு எடுக்கச் சொன்னது யாரு, அதுவும் நான்தான்.

கும்பகோணம் ஸ்டாண்டுல டிரைவர் டீ குடிக்க இறங்கினாரு. அம்மா தூங்குது. மெல்லத் தோளை விலக்கிட்டு, கீழ இறங்கி, டைம் கீப்பர் அறை ஓரமா நின்னு சாருக்குப் போன் போட்டேன். என்னம்மா, எங்க வந்துட்டே? கும்பகோணம் சார்… சார், ஒரு தப்பு நடந்துபோச்சு சார். சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் கரண்டியைப் பிளேட்டுல வைக்கிற சத்தம் கேட்டுச்சு. ஏம்மா, உன்னைக் கேள்வி கேக்கப்போற பெரியவர் ராத்திரி ரயில்ல வந்து இறங்கி கெஸ்ட் ஹவுஸ்ல பொங்கல் சாப்பிட்டுகிட்டு இருக்காரு, நான் எதுத்தாப்ல உக்காந்திருக்கேன், இப்ப போயி காய்ச்சல்ங்கிறியே. எழுந்து வெளியில வந்திருப்பாருபோல, குரல் தணிஞ்சு வந்துச்சு. இங்க பாரும்மா, குறை இல்லாத ஆராய்ச்சி எங்க இருக்கு? இன்னிக்கு நீ வாயைத் திறந்தியன்னா திருப்பி எழுதுன்னுடுவாங்க, இன்னும் ரெண்டு வருசமோ மூணு வருசமோ, உனக்கு உதவித்தொகையும் முடிஞ்சாச்சு. ஒருத்தரும் கேக்கப்போறதில்லை. கடைசில, இனிமே செய்ய வேண்டியவைன்னு ஒரு பக்கம் போட்டிருக்கோம்ல, அதுல ஒரு வரி சேத்துக்கலாம். பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் நாமளே உக்காந்து திருத்துவோம், நான் எங்க ஓடிப்போகப்போறேன்? நல்ல மனுசன். என் அப்பா செத்தப்ப காரியம் முடியிற வரைக்கும் கூடவே இருந்தவரு. அவரு எனக்குக் கெடுதல் நினைக்கலை. சரிங்க சார்னு வச்சிட்டேன்.

சரிங்க சார்னா என்ன அர்த்தம்? சொல்ல மாட்டேன்னுதானே அர்த்தம்? பஸ் கிளம்பி, காவிரிக்காத்து பின்னாடி போயி, பனி கரைஞ்சு, வயல் இப்ப பளிச்சுனு தெரியுது, எங்க பாத்தாலும் மஞ்சளும் பச்சையும் கலந்த சம்பா, ஒரு இடத்துல அறுப்புக்காகத் தண்ணியை வடிச்சு விட்டிருக்காங்க, அதுவும் காயப் போட்டதுதான், காய்ச்சல், இங்கயும் காய்ச்சல், அந்த வரப்பு தாண்டியும் காய்ச்சல், இவ்வளவு நாள் கண்ணுக்கே படாதது இன்னிக்கு வரிசை கட்டி நிக்குது. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடையணுமா? நேத்துக் கேட்டிருக்கலாம், போன வருசம் கேட்டிருக்கலாம், இல்லை நாளைக்குக் கேட்டிருக்கலாம், நாளைக்குக் கேட்டிருந்தா நான் டாக்டராகவே கேட்டிருப்பேனே… சீ, என்ன மனசு இது. ஆனா சார் சொல்றதும் நியாயம்தானே, பட்டத்தை வாங்கிட்டுத் திருத்தினா என்ன, குறுவைக்கு இன்னும் மாசம் இருக்கே, அதுக்குள்ள திருத்திடலாமே… திருத்துவோமா? பட்டம் வந்ததும் வேலைக்கு எழுதிப் போடணும், சார் ரிட்டயர் ஆயிடுவாரு, நஜ்மா கல்யாணம் ஆகி எந்த நாட்டுக்குப் போறாளோ, இனிமே செய்ய வேண்டியவைன்னு எழுதினதை எவனாவது செஞ்சு நான் பாத்திருக்கேனா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுக்கு அந்தப் பக்கத்துக்கு அப்படி ஒரு பேரு வச்சிருக்காங்க. பாலம் ஒண்ணு வந்துச்சு, குடமுருட்டியா திருமலைராஜனா, எனக்கு எப்பவும் குழப்பம்தான்… கீழ தண்ணி பாட்டுக்குப் போயிகிட்டிருந்துச்சு.

கண்ணு சொக்குது. ராத்திரி சரியாத் தூங்கலை, வெயில் கன்னத்துல இதமா விழுது. தூக்கமா முழிப்பா தெரியாத ஒரு இடம்… அங்க ஒரு ஆஸ்பத்திரி, வார்டு முழுக்க வயல் படுத்திருக்கு, ஒவ்வொரு வயல் துண்டும் ஒரு கட்டில், வரப்பு வரப்பாப் போர்வை, நான் பச்சைப் புடவையில டாக்டரா நடந்து போறேன், ஒவ்வொண்ணுக்கும் மருந்து தூவிகிட்டே போறேன், ரவையாட்டம் பொலபொலன்னு விழுது, பஞ்சநதம் தலைமாட்டுல இளநியோட நிக்கிறாரு, அதுக்கு ஒண்ணுமில்லை தங்கச்சி, சும்மாதான் படுத்திருக்குங்கிறாரு, நான் கேக்காம, மிகச் சிறப்பு, அருமையான விளக்கம்னு சொல்லிகிட்டே போறேன், அது என் குரலா போன் குரலா… திடுக்குனு முழிச்சேன். பசுபதிகோயில் தாண்டியாச்சு. தஞ்சாவூர் கிட்டத்துல வந்துடுச்சு. யாரைக் கேக்குறது? நஜ்மாவைக் கேட்டா அழுதுடுவா. அம்மா தூக்கத்துலயே புடவைத் தலைப்பை இழுத்து வாயைத் துடைச்சுக்கிச்சு. அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன், இன்னிக்கு நான் டாக்டர் இல்லைன்னா? தெருவுக்கு என்ன பதில், இந்தப் பாதுஷாவுக்கு என்ன பதில்? எனக்கு அழுகையா வந்துச்சு, பூக்காரம்மா பாத்துடப்போறாங்கன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அம்மா. ம்… அம்மா, காய்ச்சல்னா என்னம்மா? கேட்டு வாய் மூடலை, அம்மா கண்ணு முழுசாத் திறந்துடுச்சு, மடியில இருந்த பை கால்ல விழுந்துச்சு, அதைக்கூடப் பாக்கலை, புறங்கை நெத்தியில, அப்புறம் கழுத்துல, அப்புறம் திரும்ப நெத்தியில. ஏண்டி, எப்பலேர்ந்து? காலங்காத்தால தலைக்கு ஊத்தாதேன்னு சொன்னேனா இல்லையா, பனியில ஜன்னலை வேற திறந்து வச்சுகிட்டு… இல்லம்மா, எனக்கு இல்லை, வயலுக்கு. வயலுக்குக் காய்ச்சல்னா? வயலுக்குன்னா காயப் போடுறது, அதுக்கென்ன இப்ப, ஒளறாதே, உனக்குச் சுடுதா இல்லையா அதைச் சொல்லு. கையை எடுக்கவே இல்லை. ஒரே வார்த்தை, ஒரு நொடி, அம்மா அந்தப் பக்கமும் போயிட்டு இந்தப் பக்கமும் வந்துடுச்சு, ஒரு தடுமாத்தம் கிடையாது, எதிர்ல இருக்கிறது மகளா வயலாங்கிறதைப் பாத்துகிட்டா அதுக்குப் போதும். மெஷினைச் சொல்லிக் குத்தமில்லை, அதுக்கு நாங்க எதையும் எதிர்ல காட்டலை. அழுகை நின்னுபோச்சு எனக்கு. அந்தக் கைக்குக் கீழயே போனை எடுத்து சாருக்கு வாய்ஸ் நோட்டு போட்டேன். சார், மன்னிச்சுக்குங்க, முதல் வாக்கியமா அதைத்தான் சொல்லப்போறேன், எத்தனை வருசம் ஆனாலும் பரவாயில்லை. ரெண்டு டிக்கும் நீலமா மாறிச்சு.

யாருகிட்டடி மன்னிப்புக் கேக்குறேன்னுச்சு அம்மா. சொல்றேம்மா, இறங்கினதும் சொல்றேன்… சொல்லிட்டு, அங்க போயி எப்படி ஆரம்பிக்கலாம்னு யோசிச்சேன், அம்மா இப்ப சொன்னதையே அப்படியே சொல்லிடலாம், வயலுக்குன்னா காயப் போடுறது, இதைவிடச் சுருக்கமா யாரு சொல்லப்போறா, வேற ஒண்ணும் வேண்டாம்னு தோணுச்சு, நிம்மதியாக்கூட இருந்துச்சு. அப்பதான் கவனிச்சேன். அந்த வாக்கியம் அம்மா வாயிலேர்ந்து வந்து இன்னும் ஒரு நிமிசம் ஆகலை, அந்தக் கை இன்னும் என் நெத்தியிலதான் இருக்கு, அதுக்குள்ள என் மனசு அதை இங்கிலீஷ்ல மாத்தி முடிச்சு, சரியா வந்திருக்கான்னு ரெண்டாந்தடவை படிச்சுப் பாத்துகிட்டு இருந்துச்சு.